அரைக்கால் அறுத்துக் காட்டியவருக்கு

இன்று பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கதவு போட ஆள் வந்தது. மரம் அறுத்த வாசனையில் என்னால் பாடம் நடத்த முடியவில்லை. ஷிப்ட் முடிந்து வரும்போது உங்கள் சட்டையில் இருந்த வாசனை. பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொல்லிவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பி நின்றேன்.

தங்கச் சுரங்கத்தில் மேல்பாறை சரியாமல் மரத்தால் முட்டுக் கொடுப்பது உங்கள் வேலை. ஓர் எழுத்தும் தெரியாது. நான் மிஷன் பள்ளி டீச்சர். இதென்ன ஜோடி என்று மாரிகுப்பத்தில் சிலர் சிரித்தார்கள். நீங்கள் பொருட்படுத்தவில்லை. நான் பொருட்படுத்தினேன்.

பிள்ளைகள் அரை, கால், அரைக்கால் என்று ராகம் போட்டு ஒப்பிப்பதை ஒருநாள் வாசலில் நின்று கேட்டீர்கள்.

"இன்னாம்மா, அரைக்கால்னா எம்மாந்தூண்டுன்னு இதுங்களுக்குத் தெரியுமா?"

நானும் ஒப்பித்துப் படித்தவள்தான்.

அடுத்த லீவு நாளில் மரத்துண்டுகளும் சின்ன ரம்பமுமாக வந்தீர்கள். "வாயால சொன்னது போதும், அறுத்துப் பாருங்க" என்றீர்கள். ஒரு முழக் கட்டையைப் பிள்ளைகளே பாதியாக்கி, பாதியைப் பாதியாக்கி, எட்டு அரைக்கால் துண்டு ஆக்கினார்கள். திரும்பச் சேர்த்து வைத்தபோது கொஞ்சம் குறைந்தது. "அது ரம்பம் தின்னது" என்றீர்கள். வகுப்பே சிரித்தது.

அந்தச் சிரிப்பு கேட்டுத்தான் பள்ளியை நடத்தும் வெள்ளைக்காரத் துரைசானி உள்ளே வந்தார். "இந்த ஆள் யார்?"

"மர வேலைக்கு வந்தவர், அம்மா" என்றேன்.

நீங்கள் குனிந்து தூளைக் கூட்டிக்கொண்டிருந்தீர்கள்.

வீட்டுக்கு நடக்கும்போது நீங்களே பேச்செடுத்தீர்கள். "பொய்யா சொல்லிட்ட? மர வேலைக்காரன்தானே நானு." சிரித்தீர்கள். கோபித்திருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். சிரித்ததால் தப்பித்துக்கொண்டேன். அடுத்த மாதம், நீங்கள் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த இடத்திலேயே பாறை சரிந்தது.

ஆறு வருடம் ஆகிறது. மிஷன் கொடுத்த அறையில் இருக்கிறேன். சுரங்கத்தின் சாயந்தரச் சங்கு ஊதினால் இன்னும் அடுப்பை மூட்டிவிடுகிறேன். ஒருத்திக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று கை பழகவில்லை. மிஞ்சியதைக் காலையில் தண்ணீர் ஊற்றிச் சாப்பிடுகிறேன். பள்ளி விட்டபின் என்னிடம் பேச யாருமில்லை.

சனிக்கிழமைகளில் பிள்ளைகள் கட்டை அறுக்கிறார்கள். போன வாரம் புதிதாகச் சேர்ந்த பெண் கேட்டாள்: "டீச்சர், உங்களுக்கு இத யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"என் வீட்டுக்காரர்."

வகுப்பில் முதல் தடவையாகச் சொன்னேன். பிள்ளைகள் கேட்டுக்கொண்டு மறுபடி ரம்பத்தை எடுத்தார்கள். அன்று நான் சொல்லாததை நீங்கள் காதால் கேட்டிருக்க வேண்டியது.