சயாம் பாடத்தில் ஒரு பத்தி

ஆகஸ்ட் 11, திங்கள்

காலையிலிருந்து மழை. ரயில் தாமதம். பால், பெரியவளுக்கு ஸ்கூல் சாக்ஸ் வாங்கணும்.

பத்தாம் வகுப்பு வரலாற்றுக் குறிப்பை நேற்றுதான் பள்ளித் தளத்தில் ஏற்றினேன். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம்–பர்மா (இன்றைய தாய்லாந்து–மியான்மர்) ரயில்பாதை. பாடப்புத்தகத்தில் ஆஸ்திரேலியக் கைதிகள் மட்டும்; இது ஆஸ்திரேலியா ஆயிற்றே. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்களைப் பற்றி நானாக ஒரு பத்தி சேர்த்தேன், இறந்தவர் எண்ணிக்கையோடு.

மதியம் துறைத் தலைவி கேரன் கூப்பிட்டார். குறிப்பு பற்றி ஒரு அம்மா எழுதியிருக்கிறாராம். ஹனாவின் அம்மா, ஜப்பானியர். வியாழன் சந்திப்பு. என்ன புகார் என்று சொல்லவில்லை. என் கான்ட்ராக்ட் டிசம்பர் வரைதான்.

12, செவ்வாய்

சோறு இறங்கவில்லை. அறிவியல் டீச்சர் யாழினியிடம் சொன்னேன். யாழ்ப்பாணத்துக்காரர், எதற்கும் பதறாதவர். அவரே, "எழுத்தில மட்டும் ஒண்டும் குடுத்திடாதேங்கோ" என்றார். பயம் இரண்டு மடங்கு.

வீட்டில் கணவர் செந்தில்: "அந்தப் பத்தியத் தூக்கிடு. புஸ்தகத்துல இல்லாதத நீ ஏன் இழுத்து விட்டுக்கற?"

இவருடைய சொந்தத் தாத்தாதான் மலாயாத் தோட்டத்திலிருந்து அந்தப் பாதைக்குப் போய்த் திரும்பாதவர். எரிச்சலாக வந்தது. திட்டிவிட்டு, தூக்கியும் விட்டேன். நடுநிலை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நடுநிலையாவது மண்ணாவது. பயம்.

14, வியாழன்

குளிர்.

ஹனாவின் அம்மா பழைய குறிப்பு, புதிய குறிப்பு இரண்டையும் பிரிண்ட் எடுத்து வந்திருந்தார். மின்னஞ்சலில் கேட்டது ஒன்றுதானாம்: அந்த எண்ணிக்கை எந்தப் புத்தகத்தில் இருக்கிறது, படிக்க வேண்டும். பிறகு மெதுவாக, "இப்போது பத்தியே இல்லை. எனக்காக எடுத்தீர்களா? அதைப் பார்த்து, அப்படி ஒன்றும் நடக்கவில்லை போல என்கிறாள் மகள்" என்றார்.

எண்ணிக்கை, மாமனார் கல்யாண வீடுகளில் சொல்வது. எங்கும் சரிபார்க்கவில்லை. வரலாற்று டீச்சராம்! கேரன் ஏதோ குறித்துக்கொண்டார். நாளைக்குள் திருத்திய குறிப்பு வேண்டுமாம்.

முன்பு புகாரை நினைத்துப் பயம். இப்போது அந்த அம்மா கேட்டது சரி என்பதால் பயம்.

15, வெள்ளி

பத்தியைத் திரும்பப் போட்டேன். தமிழர்கள் ஏராளமாக இறந்தார்கள், கணக்குகள் ஒத்துப்போகவில்லை என்று. அது வரைக்கும் சரி. நிச்சயமாகத் தெரிந்த ஒருவரையாவது பெயரோடு எழுத வேண்டும் என்று தோன்றியது.

செந்திலே மதுரைக்குப் போன் போட்டார். மாமனார் ஸ்பீக்கரில். வழக்கம்போல எண்ணிக்கையை ஆரம்பித்தார்.

"அது வேணாம்ப்பா. தாத்தா பேரு மட்டும்" என்றார் செந்தில்.

மாமனார் எண்ணிக்கையைப் பாதியில் விட்டார்.

"முத்துக்கருப்பன். எங்கம்மா புருஷன் பேர வாயால சொல்ல மாட்டா. சாகிற வரைக்கும் சொல்லல. ஊர்ல நாலு பேர்கிட்ட கேட்டுத்தான் எனக்கே தெரியும்."

செந்தில் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார்.

பெயருக்கும் ஆதாரம் அவ்வளவுதான். எழுதினேன்: முத்துக்கருப்பன், திரும்பவில்லை, ஊரார் சொல்லி மகன் அறிந்தது. ஏற்றிவிட்டேன்.

கேரனிடமிருந்து மின்னஞ்சல். இன்னும் திறக்கவில்லை.