புட்டிப்பால் பக்குவம்

அன்புள்ள உங்களுக்கு,

நானும் பாப்பாவும் நலம். கப்பல் அடுத்த துறைமுகத்தைத் தொடும்போது இது உங்கள் கைக்கு வந்துவிடும் என்று கம்பெனியில் சொன்னார்கள். உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள்.

அந்த வகுப்பெடுக்கும் வேலை கிடைக்கவில்லை. காரணம் என் வாய்தான். நம் பாப்பாவைப் போல அண்ணப்பிளவோடு பிறந்து, பாலை உறிஞ்ச முடியாமல் தவிக்கிற குழந்தைகளுக்குப் புகட்டும் பக்குவத்தை மற்ற அம்மாக்களுக்குக் கட்டண வகுப்பாகச் சொல்லித்தர ஆஸ்பத்திரி மேனேஜர் என்னைத்தான் நினைத்திருந்தார். வகுப்பு தொடங்கும்வரை வெளியே மூச்சு விடாதீங்க என்றும் சொல்லியிருந்தார். ஆனால் காத்திருக்கும் கூடத்தில் ஒரு குழந்தை பசியில் வீறிடுகிறது, அதன் அம்மாவும் சேர்ந்து அழுகிறாள். நான் எப்படி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்? நிமிர்த்திப் பிடி, அது விழுங்கும்போது மட்டும் புட்டியை மெல்ல அமுக்கு, புருவம் சுருங்கினால் திணறுகிறது என்று அர்த்தம், புட்டியை வாயிலிருந்து எடுத்துவிடு என்று செய்து காட்டினேன். அவள் இன்னொருத்திக்குச் சொன்னாள். அப்படியே பரவி, இப்போது வகுப்பில் சேர ஆளில்லை. நீங்களே கெடுத்துட்டீங்களேம்மா என்று மேனேஜர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

தாவோ, தாவோ என்று அந்தச் சீன ஞானத்தைச் சொல்லி என் காதைக் குடைவீர்களே, தண்ணீர் எல்லாருக்கும் பயன்படும், பள்ளத்தைத் தேடிப் போகும், எதையும் தன்னுடையது என்று சொல்லாது என்று. நன்றாகத்தான் ஓடியது. நம் வருமானத்தையும் அடித்துக்கொண்டு போய்விட்டது. எனக்கு வயிறு எரிந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

போன வாரம் மடியில் குழந்தையோடு இருந்த ஒரு சின்னப் பெண், என்னைப் புதிதாக வந்தவள் என்று நினைத்து, என் வித்தையையே எனக்குச் சொல்லித்தந்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டேன். கடைசியில், புட்டியை வாயிலேர்ந்து எடுக்காதீங்கக்கா, அப்படியே கீழே சாய்ச்சா போதும், பால் வர்றது நின்னுடும், பிள்ளை அழாது என்றாள். அது எனக்குத் தெரியாது. நான் எடுக்கும்போதெல்லாம் நம் பாப்பா கதறுவாள். அன்றைக்கே சாய்த்துப் பார்த்தேன். அழாமல் குடித்தாள். யாரிடம் கற்றுக்கொண்டாய் என்று அந்தப் பெண்ணைக் கேட்டதற்கு, இங்கே எல்லாருக்கும் தெரியும்கா என்றாள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. உங்கள் தாவோக்காரர்கள் காரியம் முடிந்ததும் விலகி நில் என்று சொல்வது இதைத்தானோ என்னவோ.

இந்த வேலையை நம்பித்தான் நீங்கள் கப்பலை விட்டு வருவதாக இருந்தீர்கள். அது தெரிந்துதான் அந்த அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். கோபமிருந்தால் வந்து திட்டுங்கள், எழுத்தில் வேண்டாம். பாப்பாவின் அண்ணத்துக்குச் செய்யப்போகும் அறுவைச் சிகிச்சைக்கு முன் கொஞ்ச நாள் லீவாவது கேளுங்கள். இங்கே முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் நம் மகளுக்குப் பால் புகட்டத் தெரியும். அவள் அப்பாவுக்குத்தான் இன்னும் தெரியாது.

கடல் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்,
பாப்பா அம்மா