பம்புக்குள் ஊற்றிய தண்ணீர்

மார்ச் 6, 1988. ஞாயிறு

காலை உறைபனி, பிறகு வெயில். மேப்பிள் மரங்களில் சாறு நன்றாக இறங்கும் நாள். இந்த டேனிஷ் பண்ணையின் சொந்தக்காரி கிர்ஸ்டன் மாடுகளை விற்றபின், பால் கறந்த பழைய, காற்றை உறிஞ்சும் வக்கும் பம்பைத் தோப்புக் குழாய்களில் பூட்டியிருக்கிறா. கனடாவில் இருக்கும் அவவின் தம்பியின் யோசனையாம். பம்ப் உறிஞ்ச, சாறு தாங்கிக்கு வரும். அதைப் பாகாகக் காய்ச்சுவது என் வேலை.

இன்று அவ ஸ்கீவ நகரில், மகள் வீட்டில். நான் தனியே. பம்ப் ஓடியது, சாறு வரவில்லை. மானி முள் பாதியில். ஊரில் தோட்டத்து வோட்டர் பம்ப் இழுக்காவிட்டால் என் ஐயா செய்வதையே செய்தேன்: குழாயைக் கழற்றி, பம்பின் வாய்வழியே தண்ணீர் வார்த்தேன். பம்ப் இருமியது. பம்பின் எண்ணெய் தெரியும் கண்ணாடியில், எண்ணெய் பால்போல வெள்ளை. பயந்து நிற்பாட்டினேன்.

பின்னேரம் கிர்ஸ்டன் வீட்டுப் போனுக்கு என் கணவர் எடுத்தார், கொழும்பிலிருந்து. லொட்ஜில் திரும்பவும் பொலிஸ் செக்கிங்.

"இஞ்ச இருந்து என்ன செய்யிறது? ஊருக்குப் போகப் போறன்."

"போகாதேங்கோ. உங்கட அண்ணரை ஆமி கொண்டுபோனது மறந்துபோச்சோ? விசா வரும்."

"ஒரு வருசமா இதைத்தானே சொல்லுறீர்."

சனிக்கிழமை திரும்ப எடுப்பார். அதற்குள் ஒரு பதில் வேண்டும். இல்லாவிட்டால் போய்விடுவார்.

மார்ச் 7, திங்கள்

கிர்ஸ்டனிடம் சொல்லிவிட்டேன். "தண்ணீரா? யார் பம்புக்குள் தண்ணீர் ஊற்றுவார்கள்?" "எங்கள் ஊரில் எல்லாரும்." விழுந்து விழுந்து சிரித்தா. பிறகு திருகாணியைத் திறந்தா. வெள்ளை எண்ணெயை வடித்து, புதிது விட்டு, ஓடவிட்டு, திரும்ப வடித்து. கண்ணாடி தெளியும்வரை இதே வேலை. பம்ப் பிழைத்தது. முள் ஏறவில்லை. குழாயில் எங்கோ காற்று உள்ளே போகிறது.

சவர்க்காரம், முத்திரை வாங்க வேண்டும். நூலகப் புத்தகம் பிந்திவிட்டது. ருசிய நாவல், டேனிஷில், அகராதியோடு. நாயகி இன்னும் ரயிலிலேயே இருக்கிறாள்.

மார்ச் 9, புதன்

தூறல். கிளைக் குழாய்களின் வால்வுகளை ஒவ்வொன்றாகப் பூட்டிப் பார்த்தோம். மானியடியில் கிர்ஸ்டன், மரங்களுக்குள் நான். ஓடைக்கரை வரிசையைப் பூட்டியதும் "முள் ஏறுது!" என்று கத்தினா. திரும்பத் திறந்துவிட்டு, குழாயில் காதை வைத்தபடி நடந்தேன். மெல்லிய சீறல். அணில் கடித்த ஓட்டை, இரண்டு பல் அடையாளம். வெட்டி, இணைத்து, பட்டி இறுக்கினேன்.

"கிடைச்சிட்டுது!" தமிழில் கத்திவிட்டேன். இந்த நாட்டில் இவ்வளவு சத்தமாக நான் தமிழ் பேசியதில்லை. கிர்ஸ்டனுக்கு விளங்கியிராது. 

மார்ச் 11, வெள்ளி

கிர்ஸ்டன் எனக்காகக் கோப்பன்ஹேகன் விசா அலுவலகத்துக்குப் போன் எடுத்தா. நான் எடுத்தால் உச்சரிப்பைக் கேட்டதுமே அவர்களின் குரல் மாறும். அவவுக்கும் அதே மறுமொழி. கோப்பு இருக்கிறது. எப்போது பார்ப்பார்கள் என்று சொல்ல முடியாது. "ஏன்? மனைவி இங்கே, கணவன் அங்கே. குடும்பத்தைச் சேர்க்கச் சட்டம் இருக்குத்தானே?" என்று கேட்டா.  போனை வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் கோப்பி போட்டா.

மார்ச் 12, சனி

தாங்கி நிறைந்து வழிகிறது. காய்ச்சிக்கொண்டிருக்கையில் இவருடைய போன்.

"என்னவாம்?"

"ஏப்ரல் கடைசியில முடிவு சொல்லுவினமாம்."

"உண்மையாவோ? ஆர் சொன்னது?"

"கிர்ஸ்டன் எடுத்துக் கதைச்சவ. டேனிஷ் ஆள் கேட்டபடியால் சொல்லியிருக்கினம்."

  அவர் சிரித்தார்.

"அப்ப நிக்கிறன். இஞ்சரும், அங்கத்தைய குளிருக்கு என்ன சப்பாத்து வாங்க வேணும்?"

எல்லாம் சொன்னேன். தடித்த அடி. உள்ளுக்குக் கம்பளி. ஒரு அளவு பெரிசா எடுங்கோ, ரெண்டு சொக்ஸ் போடவேண்டி வரும்.