இரண்டு பேர் எடுத்த வீடுகள்

இந்தத் தாள் யார் கையில் கிடைத்தாலும், தயவுசெய்து எங்கள் அண்ணனிடம் காட்டிவிடாதீர்கள். வேறு யாரிடமும் காட்ட வேண்டாம். போன மாதம் காய்ச்சலில் போய்விட்ட என் தோழிக்கு எழுதுகிறேன். இனி அவளோடு மட்டும்தான் பேசப்போகிறேன்.

நேற்று பள்ளிக்கூட வாசலில் உன் அம்மா நின்றிருந்தார்கள். உன் கேமரா உறையை என் கையில் வைத்து, "நீயே வச்சிக்க பாப்பா" என்றார்கள். இப்போது அதைத் திறந்தேன். கருவாட்டு வாசனையும் உன் பவுடர் வாசனையும் ஒன்றாக வந்தன. உன் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த அந்தக் கேமராவில் பேட்டரி அடிக்கடி கழன்றுவிடும். நீ ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருப்பாய். கழலும்போதெல்லாம் அதன் தேதி 2004 ஜனவரி ஒன்றுக்குப் போய்விடும். "அதுக்கு அந்த வருஷம்தான் பிடிக்குது, உட்டுடு" என்பாய்.

புயல் அடித்த மார்கழியில் நாம் ப்ளஸ் ஒன். சேதக் கணக்கெடுக்க வந்தவர்கள் ரோட்டோர வீடுகளை மட்டும் பார்த்துவிட்டுப் போனதால், விடுபட்ட வீடுகளை நாமே படம் எடுக்கலாம் என்று நீதான் ஆரம்பித்தாய். நம் வகுப்பில் ஐந்து பேர், ஐந்து ஊர். சிதம்பரம் கீழ வீதி பிரவுசிங் சென்டரில் முதல் நாள் எல்லாவற்றையும் நெட்டில் ஏற்றினோம். நீ திரையைப் பார்த்துவிட்டுச் சிரித்தாய். ஐந்து பேரும் படத்துக்கு 'எங்க வீடு' என்றே பேர் வைத்திருந்தோம். எங்க வீடு ஒன்று, எங்க வீடு இரண்டு.

"இன்னாடி, அஞ்சு பேருக்கும் ஒரே வீடா?"

அன்றைக்கே லேபிள் வைத்தாய். ஐந்து பேரும் அதே சொற்களைத்தான் போட வேண்டும், ஆளுக்கொன்று எழுதக் கூடாது என்றாய். ஊர், தெரு, யார் வீடு, என்ன போச்சு, யார் எடுத்தது. எனக்கு அலுப்பாக இருந்தது. எல்லாம் முடிந்ததும் நீ 'கூரை போச்சு' என்ற லேபிளை அழுத்தினாய். குமராட்சியில் இருக்கிற எங்கள் ஓலை வீடும், குறிஞ்சிப்பாடி உமாவின் ஓட்டு வீடும், கிள்ளைப் பக்கத்தில் உங்கள் குப்பமும் ஒரே திரையில் வந்து நின்றன. 'கடல் பக்கம்' என்று அழுத்தினாய். எங்கள் வீடுகள் மறைந்து, உங்கள் தெரு மட்டும் வரிசையாக நின்றது. நான் திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"ஒரே படத்த எத்தன இடத்துல வச்ச?"

"படம் ஒண்ணுதான்டி. கூப்பிடுற பேருதான் நெறைய. உன்ன வீட்ல ஒரு பேரு, கிளாஸ்ல ஒரு பேரு சொல்லிக் கூப்புடல?"

"இந்தக் கம்ப்யூட்டர் கெட்டுப்போனா?"

"போவட்டும். இதெல்லாம் இதுக்குள்ள இல்ல."

எங்கள் வீட்டில் பீரோவுக்குள் இருந்த ரேஷன் கார்டே கூழாகிப்போயிருந்தது. நனையாத ஓர் இடம் இருக்கிறது, அதற்குள் ஐந்து ஊரும் இருக்கிறது என்பதை அன்று முழுக்க நினைத்துக்கொண்டே மினிபஸ்ஸில் வீட்டுக்குப் போனேன்.

இன்னொரு சட்டமும் வைத்திருந்தாய். "ஒரு வீட்ட ரெண்டு பேரு எடுக்கணும். ஒருத்தர் கண்ணு பத்தாது."

"கல்யாண வீடா, போட்டோக்காரன் தனி, வீடியோக்காரன் தனின்னு வைக்க?" என்று உமா கிண்டல் செய்தாள். நீ விடவில்லை. உங்கள் குப்பத்தின் இருபத்துமூன்று வீடுகளை நீ கேமராவில் எடுக்க, உன் பின்னாலேயே வந்து நான் போனில் எடுத்தேன். அண்ணன் மினிபஸ் ஓட்டப் போகும்போது சார்ஜில் விட்டுப்போன போன் அது. பொம்பளப் புள்ள கைக்குப் போன் எதற்கு என்கிறவன். அதனால் என் படங்களில் 'யார் எடுத்தது' என்ற இடத்தில் மட்டும் ஒன்றும் போடாதே என்று உன் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டேன். "பேரு இல்லன்னா படம் இருந்தும் இல்லாத மாதிரிதான்டி" என்றாய். ஆனாலும் காலியாகவே விட்டாய், எனக்காக.

இப்போது புயலில் வீடு போனவர்களுக்கு அரசு கட்டித்தரும் கான்கிரீட் வீட்டுக்கு மறுபடி பேர் எடுக்கிறார்கள். உன் அம்மா நம் படங்களைப் பிரிண்ட் போட்டு எடுத்துப் போயிருக்கிறார்கள். ஆபீஸில் இருந்தவர் உன் படங்களின் தேதியைப் பார்த்துவிட்டு, "இது சுனாமிக்கும் முன்னாடி எடுத்ததும்மா, செல்லாது" என்றாராம். என் படங்களைப் பார்த்து, தேதி சரிதான் என்றாராம். "ஆனா எடுத்தது யாருன்னே இல்லையே. அந்த ஆளு பேரு போட்டு, நேர்ல வந்து சொன்னா பார்க்கலாம்."

நேற்று வாசலில் உன் அம்மா அதைச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார்கள். நாம் படம் எடுத்த அன்று கருவாடு விற்கப் போயிருந்ததால், நான்தான் எடுத்தேன் என்று அவர்களுக்குத் தெரியாது. "யாருன்னு உனுக்குத் தெரியுமா பாப்பா?"

நாளைக் காலையில் உமா புதிதாகப் பிரிண்ட் எடுக்கிறாள். நெட்டுக்கு அவளுடைய டேட்டா கார்டை வாங்கி, பள்ளியில் கொடுத்த லேப்டாப்பில் சொருகியிருக்கிறேன். "நெட்டு கிட்டுன்னு காதுல விழுந்துச்சு, ஸ்கூல நிறுத்திடுவேன்" என்று அண்ணன் சொல்லியிருக்கிறான். நான் ஆபீஸுக்குப் போனால் அவனுடைய பஸ்ஸிலேயே யாராவது சொல்லிவிடுவார்கள்.

முதலில் உன் படங்களுக்கு விவரம் எழுதினேன். கேமரா பேட்டரி கழன்றதால் தேதி தப்பு, இதே வீட்டின் இன்னொரு படத்தைப் பார்க்கவும். பிறகு என் படங்களைத் திறந்தேன். ஒவ்வொன்றிலும் 'யார் எடுத்தது' என்ற இடத்தில் என் பேரை அடித்தேன். முதல் வீட்டுக்கு இரண்டு தடவை தப்பாக அடித்து அழித்தேன். கடைசி வீடு வந்தபோது எழுத்துகளைப் பார்க்காமலே அடித்தேன்.

முடித்ததும் நீ செய்த மாதிரியே என் பேரை அழுத்தினேன். இருபத்துமூன்று வீடும் வந்து நின்றன. அப்போதுதான் பார்த்தேன். நீ எடுத்த படங்களில் நீ இல்லை. நான் உன் பின்னாலிருந்து எடுத்ததால், என் படங்கள் எல்லாவற்றிலும் நீ இருக்கிறாய். சாய்ந்த சுவருக்கு முன்னால், கேமராவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வீட்டுக்கு முன்னாலும் நீ. என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் நீ வருகிறாய்.

கதவு தட்டுகிறது. அண்ணன்தான். லைட் ஏன் எரிகிறது என்கிறான். பயமாகத்தான் இருக்கிறது. இந்த லேப்டாப்பைப் பிடுங்கினால் பிடுங்கட்டும், நீ அன்றைக்குச் சொன்ன மாதிரி படமெல்லாம் இதுக்குள்ள