ஐந்து சொட்டு

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் நலமாக இருக்க வேண்டும் என்ற நினைப்போடுதான் பேனாவைத் திறந்தேன். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை, மாடிப்படியைத் திட்டிக்கொண்டே ஏறிவிடுகிறாள். நான் பட்டறைக்குப் போவதை நிறுத்தியும் கை சும்மா இருக்கவில்லை, வீட்டில் ஆடாத நாற்காலியைக்கூடச் சரிசெய்கிறேன் என்று அவள் கேலி பேசுகிறாள். சின்னவனுக்கு இந்த மாதத்தில் மூன்றாவது தடவையாகச் சளி, டாக்டர் கொடுத்த வைட்டமின் சொட்டு மருந்தைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் எதிர்ப்புச் சக்தி வருமா என்று போனில் கேட்டாயே, அம்மா போனை என் பக்கம் நீட்டினாள். நான் மழை பெய்கிறதா என்று ஏதோ உளறி வைத்துவிட்டேன். வாயில் வராததை எழுதுகிறேன்.

உனக்கு அப்போது நாலு மாதம். சலவைக்கடைக்கு மேலே ஒற்றை அறையில் இருந்தோம், ஜன்னலைத் திறந்தால் எதிர்ச்சுவர்தான், வெயில் எட்டிப் பார்க்காது. ஆனாலும் அந்த அறையை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது, கீழேயிருந்து வரும் இஸ்திரிச் சூட்டு வாசனையில் நீ கையைக் காலை உதைத்துச் சிரிப்பாய். சுகாதார நிலையத்து நர்சம்மா வைட்டமின் ஏ, டி இரண்டும் கலந்த சொட்டு மருந்துக் குப்பி ஒன்று கொடுத்தார், தினம் ஐந்து சொட்டு. அம்மா காலையில் கொடுத்து, உன்னைக் கீழே சலவைக்கடைக்கார அம்மாளிடம் விட்டுவிட்டு வேலைக்குக் கிளம்புவாள். அந்தச் சமயம் பக்கத்து அறைக் குழந்தைக்கு அம்மை வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தது. உனக்கும் வந்துவிடுமோ என்று பயந்து, சத்து மருந்தைக் கூடுதலாகக் கொடுத்தால் நோய் அண்டாது என்று நினைத்தேன். இரண்டு ஆணி போதும் என்ற இடத்தில் நாலு அடிக்கிற தச்சன் நான், மத்தியானம் சாப்பிட வரும்போது உன்னைத் தூக்கி வந்து, குப்பியோடு வந்த உறிஞ்சுகுழல் நிறைய மருந்தை எடுத்து உன் வாயில் விட்டேன். அம்மாவிடம் மூச்சு விடவில்லை. மூன்று வாரம்.

பிறகு நீ பால் குடிக்கவில்லை, குடித்ததையும் கக்கினாய். தலையைத் தடவிய அம்மா உச்சிக்குழி புடைத்திருப்பதைப் பார்த்து அலறிவிட்டாள். ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் குப்பியைத் தூக்கிப் பார்த்து, "மூணு மாசத்துக்கு வர வேண்டியது, எப்படிக் காலியாச்சு?" என்றார். நான் ஒத்துக்கொண்டேன். "சத்துன்னா அளவே கிடையாதா? இது மிஞ்சினா உடம்புல தங்கி விஷமாயிடும்யா" என்றார், அவ்வளவுதான். மருந்தை நிறுத்தி, ஐந்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்தார்கள். ஆறாம் நாள் நீ பாலுக்கு அழுதாய். அந்த அழுகையைப்போல இனிமையான சத்தத்தை நான் பிறகு கேட்டதில்லை.

ஆகவே கண்ணு, டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் ஒரு சொட்டு வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். யார் கொடுப்பது என்று நீயும் மாப்பிள்ளையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். சளியை டாக்டரிடமே காட்டு.

இத்தனை வருஷமும் அம்மா உன்னிடம் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று நன்றியோடு இருந்தேன். இதுவரை எழுதியதை அவளிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "குப்பி குறையறது எனக்கும் தெரியும்ங்க. நீங்கதான் குடுக்கறீங்கன்னும் தெரியும். நல்லதுதானேன்னு நானும் வாயை மூடிட்டிருந்தேன். அதையும் எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன்.

மூவரும் நோய் நொடியில்லாமல் நீடு வாழ எங்கள் ஆசி. சின்னவனுக்கு அடுத்த தடுப்பூசித் தேதியை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா, பக்கத்தில் அம்மாவும்