அக்கா போட்ட கையெழுத்தும் ராத்திரியில் ஓடாத குளிர் அறையும்

என் ஆசை அக்கா அஞ்சலைக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. நல்ல சேதியோடு எழுதலாம் என்றுதான் இத்தனை நாள் காத்திருந்தேன். அது வருகிற வழியாகத் தெரியவில்லை. அதனால் கோபத்தோடே எழுதுகிறேன். அதில் பாதி உன் மேல்தான், பொறுத்துக்கொள்.

நம் வைத்திக்குப்பத்துக்கு நீ அலைந்து திரிந்து வாங்கிவந்த சோலார் குளிர் அறை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. வெயில் இருக்கும்வரை உள்ளே குளிர்கிறது, பொழுது சாய்ந்ததும் நின்றுவிடுகிறது. பெரிய மார்க்கெட்டில் விற்காமல் மிஞ்சிய மீனை நாங்கள் தூக்கிக்கொண்டு வருவதே பொழுது சாயும்போதுதானே? ராத்திரி முழுக்க ஓட வைக்கிற பேட்டரியை அதைப் போட்டுக் கொடுத்த கம்பெனிக்காரர்கள் கொண்டுவரவே இல்லை. உள்ளே வைத்த மீன் விடிவதற்குள் கெட்டுப்போகிறது.

போன வாரம் நம் பூங்காவனம் ஒரு கூடைச் சங்கரா மீனைக் குழி தோண்டிப் புதைத்தாள். உன்னோடு முப்பது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து மீன் விற்றவள், கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் மண்ணைத் தள்ளினாள். "அஞ்சல இருந்திருந்தா இப்பிடி உடுவாளா?" என்று என்னைக் கேட்டாள்.

வாசலில் அவர்கள் நட்ட பலகை நினைவிருக்கிறதா? கிராம மக்களுக்குச் சூரிய மின்சாரம் என்று ஆள் உயர எழுத்து. அந்தப் பலகைக்கு மட்டும் தனியாக ஒரு சின்ன சோலார் தகடு, தனியாக ஒரு பேட்டரி. அது ஒருநாள்கூடத் தவறாமல் எரிகிறது. மீனுக்கு இல்லாத கரண்ட் பெயர்ப்பலகைக்கு இருக்கிறது அக்கா! அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் கல்லெடுத்து அடிக்கலாமா என்று கை பரபரக்கிறது.

இப்போது உன் மேல் இருக்கிற கோபத்துக்கு வருகிறேன். திறப்பு விழா முடிந்து ஷாமியானாவைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, அந்தக் கம்பெனி ஆள் உன்னிடம் ஒரு காகிதத்தை நீட்டினான். "பேட்டரி அடுத்த வாரம் வந்துடும்மா, நான் சொல்றேன்ல" என்றான். வேலை முழுக்க முடிந்தது, எல்லாம் சரியாக இருக்கிறது என்று அதில் எழுதியிருந்தது. நீ எழுத்துக்கூட்டிப் படித்தாய். படித்துவிட்டும் கையெழுத்துப் போட்டாய். ஏன் அக்கா?

ஏன் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நம் கரையில் ஏலம் எடுக்கிறபோது யார் காகிதம் கேட்கிறார்கள்? வாயால் ஒரு விலை சொன்னால் சொன்னதுதான். சொல் மாறினவனை அடுத்த நாள் மணலில் யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. நீ வாழ்நாளெல்லாம் சொல்லை நம்பியே பிழைத்தவள். அவன் சொன்னதுதான் பெரிது, காகிதம் சும்மா என்று நினைத்துவிட்டாய். அவனுக்கோ சொன்னது சும்மா, காகிதம்தான் எல்லாம்.

அப்புறம், கம்பெனிக்கு இந்த வேலையைக் கொடுத்த சர்க்கார் ஆபீஸுக்கு நடந்து நடந்தே நீ தேய்ந்தாய். மஞ்சள்காமாலை வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட, "ரூமு ராத்திரில ஓடுதாடி?" என்றுதான் கேட்டாய். "ஓடுதுக்கா, சில்லுன்னு இருக்கு" என்றேன். கண்ணை மூடிக்கொண்டே சிரித்தாய். அது பொய் அக்கா. சாகப்போகிறவளிடம் என்னைப் பொய் சொல்ல வைத்தார்களே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நேற்று நானும் பூங்காவனமும் அந்த ஆபீஸுக்குப் போனோம். அதிகாரி உன் காகிதத்தை எடுத்து மேஜையில் போட்டார்.

"உங்க அக்காவே எல்லாம் சரியா இருக்குன்னு எழுதிக் குடுத்திருக்காங்களேம்மா. இதுக்கு மேல நாங்க என்னா பண்றது? போதாக்குறைக்கு சோலார் தகட்டு மேல நெத்திலி வேற காய வெக்கிறீங்களாம்."

"ராத்திரி ஓடாத ரூமுக்குப் பகல்ல என்னாத்துக்கு சார் குளிரு? நெத்திலியாவது காயட்டும்னு போட்டோம்" என்றாள் பூங்காவனம்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒரு வழி இருக்கு. எங்க அக்காவுக்குப் படிக்கத் தெரியாது, என்னா ஏதுன்னு தெரியாமலே கையெழுத்து போட்டுட்டாங்கன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. ஃபைலைத் திரும்பத் தொறந்துடலாம்."

மீன் மடிக்க வந்த பழைய பேப்பரை வைத்துக்கொண்டு, பிள்ளை பெற்ற பிறகு படிக்கக் கற்றவள் நீ. மார்க்கெட்டில் பாதிப் பேருக்கு மனு எழுதிக் கொடுத்தவள். உன்னைத் தற்குறி என்று நான் எழுத வேண்டுமாம்! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

பூங்காவனம் என் முழங்கையை இடித்தாள். "எழுதிடு மங்கா. செத்தவளுக்கு என்னா கொறஞ்சிடப் போவுது? நமக்கு மீனு கெடாம தங்குமில்ல?"

அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. பேனாவை எடுத்தேன். நீயாக இருந்தால் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்திருப்பாயோ என்னவோ. எனக்கு முடியவில்லை. இப்படி எழுதினேன்: என் அக்கா படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டாள். பேட்டரி வரும் என்று உங்கள் ஆள் சொன்னதை நம்பிப் போட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியும். உங்களுக்குத்தான் சொன்ன சொல்லைக் காப்பாற்றத் தெரியவில்லை.

பூங்காவனம் என்னை முறைத்தாள். பிறகு என் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கி, எனக்குக் கீழே தன் பெயரையும் எழுதினாள்.

அதிகாரி படித்துவிட்டு, "இப்பிடி எழுதினா ஃபைல் நவுராதும்மா" என்று காகிதத்தை எங்கள் பக்கமே தள்ளினார். அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டோம்.

வெளியே வந்ததும் வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே ஏசி எத்தனை சுகமாக ஓடிக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் எங்கள் இரண்டு பேருக்குமே உறைத்தது. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டோம்.

அதனால் உனக்கு ஒரு சத்தியம் செய்கிறேன். இனி நம் பெண்கள் யாரும் மீனைப் புதைக்க மாட்டார்கள். நாளையிலிருந்து விற்காத கூடை அத்தனையும், ஆபீஸ் பூட்டுவதற்கு முன்னால், அந்த அதிகாரியின் அறைக்குப் போகும். அவர் நாற்காலிக்குப் பக்கத்திலேயே வரிசையாக இறக்கிவைப்போம். பேட்டரி வருகிறவரை நம் குப்பத்துக்கு அதுதான் குளிர் அறை.

உன் வாய்த்துடுக்கில் பாதியாவது வாய்த்திருக்கிற
உன் தங்கச்சி மங்கா