ரைன் நதியும் கோழியின் இரைப்பையும்

டெல்ஃப்ட், நெதர்லாந்து
12 அக்டோபர் 1997

நலியாகாவின் அப்பாவுக்கு,

முலெம்பே. நான் சுகம். நீங்களும் மகளும் அத்தை மாமாவும் சுகம்தானே? கிமிலிலியில் மழை நின்றதா, சோளம் காய்ந்து வீடு வந்து சேர்ந்ததா என்று எழுதுங்கள்.

முதலில் என்ன பார்த்தாய் என்று கேட்டிருந்தீர்கள். மலை இல்லாததைப் பார்த்தேன். நம் ஊரில் கதவைத் திறந்தால் எல்கான் மலை நிற்கும். அதை வைத்துத் திசை சொல்லிவிடலாம். இங்கே தரை சப்பாத்திக்கல் மாதிரிக் கிடக்கிறது. வந்த முதல் வாரம் முழுவதும் சைக்கிளோடு வழி தவறிக்கொண்டிருந்தேன்.

பேராசிரியர் ஒல்லியான மனிதர். மேசைமேல் ஏறி உட்கார்ந்து ஆப்பிள் தின்றுகொண்டே பாடம் நடத்துகிறார். முதல் நாளே என்னைப் பார்த்து, "கடல்லேர்ந்து நிலத்தை எப்படி மீட்டோம்னு தெரியுமா?" என்றார். நீங்களும் நானும் மூன்றாம் படிவத்துப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் நடத்துகிற பாடமாயிற்றே! அணை கட்டுவது, தண்ணீர் இறைப்பது, நாணல் விதைப்பது, உப்பைப் போக்குவது என்று மூச்சு விடாமல் ஒப்பித்தேன். கேட்டுவிட்டு, "அருமை. சரி, இதுல நீங்க ஒத்துக்காதது எது?" என்றார். ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம் என்பதே எனக்குத் தெரியாது. பேந்தப் பேந்த விழித்தேன்.

பாடப்புத்தகத்தில் வருகிற இடங்களையெல்லாம் பார்த்து எழுதச் சொன்னீர்களே, ராட்டர்டாம் துறைமுகத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். மொம்பாசாவில் பார்த்த மாதிரி கூச்சலும் கூட்டமும் இருக்கும் என்று போனேன். ஆளையே காணோம். வேலியோரம் நாயோடு நின்ற ஒருவரிடம் கேட்டதற்கு, "ஆளா? ஆள் எதுக்கு? பெட்டி அதுபாட்டுக்கு வருது, அதுபாட்டுக்குப் போகுது" என்றார். நாய்கூடக் குரைக்கவில்லை.

கடல் தாண்டிய பெண் திரும்ப மாட்டாள் என்று சந்தையில் பேசுகிறார்களாம், கிளம்பும்போது அத்தை சொன்னார். பேசட்டும். அடுத்த டிசம்பரில் படிப்பு முடிந்த மறுநாள் கிளம்பிவிடுவேன்.

உங்கள்
நெலிமா


கிமிலிலி
9 நவம்பர் 1997

நலியாகாவின் அம்மாவுக்கு,

உன் கடிதத்தை ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படித்தேன். நாய் குரைக்காததைக் கேட்டுத் தலைமையாசிரியையே சிரித்துவிட்டார். விண்ணப்பம் போட்டது நாம் இருவரும். இடம் வந்தது உனக்கு. என்ன செய்வது, என் கண்ணையும் உன்னோடு அனுப்பியிருக்கிறேன் என்று வைத்துக்கொள். அடுத்து ரூர் நிலக்கரிப் பகுதி, பிறகு ரைன். தேர்வில் ரூர் வராத வருடம் உண்டா? சும்மா பார்க்காதே, குறித்துக்கொள்.

இங்கே என் பாடு திண்டாட்டம். வீட்டுக்காரி இல்லாத வீட்டில் கோழி அறுப்பதில்லை என்பதால் உன் அடுப்பு அணைந்தே கிடக்கிறது. நானும் நலியாகாவும் அம்மா வீட்டில்தான் சாப்பிடுகிறோம். போன ஞாயிறு அங்கே கோழி. இரைப்பை வழக்கம்போல் அப்பா தட்டுக்குப் போயிற்று. மறுநாள் எல்லோரும் தம்பி வீட்டுக்குப் போனோம். அங்கேயும் கோழி; தம்பி பெண்டாட்டி இரைப்பையைத் தம்பிக்கு வைத்தாள். நான் பார்த்துக்கொண்டே இருந்ததைக் கண்டு அம்மா, "என்னடா முறைக்கிறே? ஆம்பளைக்கு இரைப்பை அவன் பெண்டாட்டி சட்டியிலேர்ந்துதான் வரணும். உன் பெண்டாட்டி சட்டி கடலுக்கு அந்தாண்டை இருக்கு. போய்த் தின்னுட்டு வா" என்றாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பதினோரு வருடம் நீ வைத்த இரைப்பையின் அருமை இப்போதுதான் தெரிகிறது. சீக்கிரம் வா.

உன்
வசிகே


டெல்ஃப்ட்
1 பிப்ரவரி 1998

நலியாகாவின் அப்பாவுக்கு,

உங்கள் அம்மா சொன்னதை நினைத்து நினைத்துச் சிரித்தேன். பதிலுக்கு என் கதையைக் கேளுங்கள். இங்கே முதல்முறையாகக் கோழி வாங்கினேன். பிளாஸ்டிக் உறை, பனிக்கட்டி மாதிரி உடம்பு. கழுவிக் கையை உள்ளே விட்டால் ஒன்றுமே இல்லை. இரைப்பையைக் காணோம்! குளியலறைத் தொட்டிவரை தேடிவிட்டேன். என் சித்தியை அந்தக் காலத்தில் ஒரு இரைப்பையைத் தின்றுவிட்டாள் என்றுதானே பிறந்த வீட்டுக்கு விரட்டினார்கள்? "பூனை தின்னுடுச்சு" என்று எவ்வளவு சொல்லியும் நம்பாமல், ஒரு முழுக் கோழியோடு வந்தால்தான் உள்ளே விடுவோம் என்றார்களே. அந்தப் பயம் எனக்கு. பக்கத்து அறை நேபாளப் பெண் பார்த்துவிட்டு, "அதெல்லாம் இங்க யாரும் திங்கறதில்ல. துருக்கிக்காரர் கடையில தனியா குவிச்சு வெச்சிருப்பாங்க" என்றாள். கேட்பாரில்லாமல் குவித்து வைப்பதா? எனக்கு மனதே ஆறவில்லை.

ரூர் போனேன். நீங்கள் உட்கார்ந்துகொண்டு படியுங்கள். நான் இறங்கிய ஊரில் சுரங்கம் மூடிப் பல வருடமாகிறது. இரும்பு உருக்கிய உலையைப் பூங்காவாக்கி, அதில் கயிறு கட்டி ஏறி விளையாடுகிறார்கள். டிக்கெட் கொடுத்த கிழவர் அதே சுரங்கத்தில் வேலை பார்த்தவராம். நம் பாடத்தைப் பற்றிச் சொன்னேன். "இன்னுமா எங்களைப் பத்திப் படிக்கிறாங்க? எங்க பேரப்பசங்களே படிக்கிறதில்லையே" என்றார். அவருக்குச் சந்தோஷமா வருத்தமா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

திரும்பும்போது ரயிலில் ரைன் நதியைப் பார்த்தேன். பழுப்பாக இருக்கிறது, நம் ந்ஸோயா ஆறு மாதிரியே. நீங்கள் பக்கத்தில் இருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது. ரயிலில் யாரும் யாரோடும் பேசுவதில்லை என்பதால் ஜன்னலோடு பேசிக்கொண்டு வந்தேன்.

உங்கள்
நெலிமா


கிமிலிலி
8 மார்ச் 1998

நலியாகாவின் அம்மாவுக்கு,

சுரங்கம் மூடிய விஷயத்தை வகுப்பில் சொல்லித் தொலைத்தேன். நான்காம் படிவத்து முன்வரிசைப் பெண் எழுந்து, "சார், அப்ப தேர்வுல நிலக்கரின்னு எழுதவா, பூங்கான்னு எழுதவா?" என்கிறாள். "நிலக்கரின்னே எழுது தாயே, பூங்கான்னு எழுதினா மார்க் பூங்காவுக்குப் போயிடும்" என்றேன். இனிமேல் மூடியதையெல்லாம் எழுதாதே. எனக்குப் பாடம் நடத்த வேண்டும்.

நலியாகா நன்றாக இருக்கிறாள். தலைமுடிதான் பெரும்பாடாக இருந்தது. பாட்டி பின்னினால் வலிக்கிறது என்று ஓடுவாள். புதிதாக வந்திருக்கும் மனையியல் ஆசிரியை ரிஸ்பா ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பின்னிவிடுகிறாள். நல்ல பெண். அந்தக் கவலை உனக்கு வேண்டாம்.

உன்
வசிகே


டெல்ஃப்ட்
3 மே 1998

நலியாகாவின் அப்பாவுக்கு,

மகளின் முடிக்கு ஆள் கிடைத்ததில் நிம்மதி. ரிஸ்பாவுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

கடலிலிருந்து மீட்ட நிலத்துக்கு வகுப்போடு போனோம். அணைமேல் நின்றால் ஒரு பக்கம் தண்ணீர் மேலே, மறுபக்கம் மாடுகள் கீழே. விவசாயி ஒருவர் உழுத மண்ணிலிருந்து சிப்பி ஒன்றை எடுத்துத் தந்தார். "எங்க தாத்தா மீன் பிடிச்ச இடத்துல நான் உருளைக்கிழங்கு போடறேன். பம்பு நின்னா மறுபடி மீன்தான்" என்றார். இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்கிறார்களாம். நம் புத்தகத்தில் மீட்டதோடு பாடம் முடிந்துவிடும். இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று யாரும் எழுதவில்லை. நம் வகுப்புக்கு இதைச் சொல்லலாம், மூடிய விஷயம் அல்ல. அந்தச் சிப்பியை நலியாகாவுக்கு வைத்திருக்கிறேன்.

இன்னொரு செய்தி. இப்போதெல்லாம் பேராசிரியரோடு வாதாடுகிறேன். போன வாரம் அவர் கணக்கு நம் சதுப்புநிலத்துக்குச் சரிவராது என்று முகத்துக்கு நேரே சொன்னேன். கோபப்படுவார் என்று பார்த்தால் சந்தோஷப்படுகிறார்! இன்னும் நான்கு வருடம் இருந்து ஆராய்ச்சிப் பட்டம் முடிக்கச் சொன்னார்; உதவித்தொகையும் உண்டாம். இரண்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. ஆசைதான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் டிசம்பரில் வருகிறேன் என்று உங்களுக்குச் சொல்லியாகிவிட்டது. வேண்டாம் என்று நேற்று எழுதிக் கொடுத்துவிட்டேன். "உங்க கணவர் கொடுத்து வெச்சவர்" என்றார்.

உங்கள்
நெலிமா


கிமிலிலி
7 ஜூன் 1998

நலியாகாவின் அம்மாவுக்கு,

முலெம்பே. நீ எடுத்த முடிவு சரி. வீடு என்று ஒன்று இருக்கிறதல்லவா? சிப்பி கதையைக் கேட்டு மகள் பள்ளி முழுவதும் தம்பட்டம் அடித்துவிட்டாள். அம்மாவுக்கு முட்டிவலி. சோளம் இந்த வருடம் பரவாயில்லை.

எனக்குத்தான் ஒரு வாரமாகக் கடைவாய்ப் பல் உயிரை எடுக்கிறது. போன ஞாயிறு இரைப்பையைக் கடித்தபோது உள்ளே மணல் இருந்து பல் விண்டுவிட்டது. பல்லைப் பிடுங்க புங்கோமாவுக்குப் போக வேண்டும் என்கிறார்கள். அதனால்தான் கடிதம் சுருக்கமாக இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே.

உன்
வசிகே


டெல்ஃப்ட்
21 ஜூன் 1998

நலியாகாவின் அப்பாவுக்கு,

பல் எப்படி இருக்கிறது? கிராம்பை நசுக்கி வையுங்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் அம்மா வீட்டில் இரைப்பை மாமாவுக்கு. தம்பி வீட்டில் தம்பிக்கு. இதை எனக்கு எழுதியதே நீங்கள்தான். நீங்கள் கடித்த இரைப்பை யார் சட்டியிலிருந்து வந்தது?

நெலிமா


கிமிலிலி
19 ஜூலை 1998

நெலிமா,

இப்படித் தெரிய வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. நீ வந்ததும் உட்கார வைத்துச் சொல்லலாம் என்றிருந்தேன்.

ஏப்ரலில் ரிஸ்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். அவள் அப்பாவிடம் பெண் கேட்டுப் பேசி, பரிசமாக மாடும் கொடுத்தாயிற்று. எத்தனை நாள் அம்மா வீட்டுத் திண்டாட்டம்? "அடுப்பு அணைஞ்ச வீட்ல மனுஷன் இருப்பானா?" என்று பெரியவர்களும் சொன்னார்கள். நம் ஊரில் நடக்காததா இது? உன் இடம் உனக்குத்தான். மூத்தவள் நீதான். ரிஸ்பா உன்மேல் மரியாதை வைத்திருக்கிறாள். உன் கடிதங்களையெல்லாம் அவளும் ஆசையாகக் கேட்பாள். டிசம்பரில் நீ வந்ததும் எல்லாம் சரியாகிவிடும்.

வசிகே


டெல்ஃப்ட்
9 ஆகஸ்ட் 1998

நலியாகாவின் அப்பாவுக்கு,

இந்தப் பெயர் மட்டும் மாறாது, அதனால் இப்படியே எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன். நன்றாகவே அழுதேன், நேபாளப் பெண் கதவைத் தட்டி டீ வைத்துவிட்டுப் போனாள். பிறகு தேதிகளைப் பார்த்தேன். நான்கு வருட இடத்தை வேண்டாம் என்று நான் எழுதிக் கொடுத்தது மே மாதம். ரிஸ்பா வந்தது ஏப்ரல். "வீடு என்று ஒன்று இருக்கிறதல்லவா" என்று அதற்குப் பிறகும் உங்களால் எழுத முடிந்திருக்கிறது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பேராசிரியரிடம் போய்க் கேட்டேன். அந்த இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. அவர் காரணம் கேட்கவில்லை. ஓர் ஆப்பிள் கொடுத்தார்.

டிசம்பரில் சொன்னபடி வருகிறேன். அந்த வீட்டுக்கு அல்ல. கிட்டாலேயில் ஒரு பள்ளிக்கு மாற்றல் கேட்டு எழுதியிருக்கிறேன். நலியாகா உங்கள் குலத்துப் பெண், அதில் சண்டை இல்லை. பள்ளி நாட்களில் என்னோடு இருக்கட்டும், விடுமுறைக்கு உங்களிடம் வரட்டும். முடி பின்ன நானே கற்றுக்கொள்வேன். மூத்தவள் என்கிற இடத்தை நான் ஒத்துக்கொள்ளவில்லை. முதல் நாள் பேந்தப் பேந்த விழித்தேனே, இப்போது சொல்ல வருகிறது.

நான் எழுதிய கடிதங்களை வகுப்பில் பயன்படுத்திக்கொள்ளுங்கள். அவை உங்களுக்காக எழுதியவைதான். ரைன் பழுப்பாக இருப்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

ரிஸ்பாமேல் எனக்குக் கோபம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் மனையியல் ஆசிரியைக்கு ஒன்று சொல்லுங்கள்: இரைப்பையைப் பிளந்ததும் உள்ளே இருக்கும் மஞ்சள் தோலை முழுசாக உரித்து எடுக்க வேண்டும். மணல் அதில்தான் இருக்கும்.

நேற்றுத் துருக்கிக்காரர் கடைக்குப் போனேன். குவித்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஒரு கிலோ வாங்கினேன். "வீட்ல ஆளுங்க நிறையவா?" என்றார். "நான் மட்டும்தான்" என்றேன். வெங்காயமும் தக்காளியும் போட்டு வதக்கி, சோளமாவில் உகாலி கிண்டி, ஜன்னலோரம் உட்கார்ந்து சாப்பிட்டேன். பதினோரு வருடம் சமைத்திருக்கிறேன், என்ன ருசி என்று நேற்றுத்தான் தெரிந்தது. நன்றாக இருக்கிறது. ஏன் எங்களுக்குத் தராமல் வைத்துக்கொண்டீர்கள் என்று புரிகிறது.

ஒரு மணல்கூடப் பல்லில் படவில்லை.

நெலிமா